மலையேறும் கேஸ் வண்டியில் பேக்ஃபயர்: டப்பா உடையும் முன் பார்க்க வேண்டியவை

மேட்டுப்பாளையம் வரை கேஸில் (எல்.பி.ஜி.) சுகமாக வந்த வண்டி, பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்ததும் 'டமார்' என்று ஒரு அடி அடிக்கும். திறந்து பார்த்தால் ஏர் ஃபில்டர் டப்பாவின் மூடி பிளந்திருக்கும், ரப்பர் ஹோஸ் கழன்று தொங்கும். மாருதி ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் என்பதால் உட்கார்ந்திருப்பவர் துள்ளியே விடுவார்.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷனில் எரிபொருள் வால்வுக்கு அருகில் மட்டும் தெளிக்கப்படும். சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் இருப்பது பெரும்பாலும் வெறும் காற்று. மிக்ஸர் வைத்த கேஸ் கிட்டில் அப்படியில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டிலுக்கு முன்பே காற்றோடு கேஸ் கலந்துவிடுவதால், அங்கிருந்து வால்வு வரை முழு வழியும் பற்றத் தயாரான கலவை. இன்டேக் வால்வு திறக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் ஒரு துளி நெருப்பு மிச்சமிருந்தால் போதும், மொத்தமும் பின்னால் வெடிக்கும். இதுதான் பேக்ஃபயர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள சீக்வென்ஷியல் கிட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பழைய மிக்ஸர் கிட்டோடு மலையில் ஓட்டுபவர்களுக்குத்தான் கீழே உள்ளவை.

சமவெளியில் வராத அடி மலையில் ஏன் வருகிறது? ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, இன்ஜின் சக்தியும் அதே அளவு இறங்கும். டிரைவர் கியரைக் குறைக்காமல் முழு மிதி மிதிப்பார். குறைந்த வேகம், முழு த்ராட்டில் என்ற நிலையில்தான் அந்த இன்ஜினுக்கு சிலிண்டர் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், பிளக்கில் பொறி பாய அதிக வோல்டேஜ் தேவைப்படும். கேஸ் கலவைக்கு பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேறு வேண்டும். சோர்ந்த பிளக் வயர் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். பொறி பலவீனமானால் எரிதல் மெதுவாகும், எக்ஸாஸ்ட் முடிந்த பிறகும் உள்ளே கனல் இருக்கும், அடுத்து இன்டேக் திறக்கும். மிச்சம் நீங்கள் கேட்ட சத்தம்தான்.

ஆகவே முதலில் பொறி தரும் இக்னிஷன். கேஸின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பவர் ஸ்க்ரூவைத் தொடுவது அதற்குப் பிறகு. நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

பிளக் இடைவெளி வண்டியின் கையேட்டுப் புத்தகத்தில் 1.0 அல்லது 1.1 மி.மீ. என்றிருந்தால் கேஸுக்கு 0.7 முதல் 0.8 மி.மீ. ஆக்குங்கள், புத்தகமே 0.7–0.8 என்றால் 0.7-இல் நிறுத்துங்கள். கண்ணால் மதிப்பிடாமல் இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் போட்டுப் பாருங்கள். பிளக் வயர்களை மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, நீளத்துக்குப் பொருந்தாமல் ஒன்று மட்டும் தூக்கலாகக் காட்டினால் செட்டாக மாற்றுங்கள். மீட்டரில் தப்பிப்பதை இருட்டு காட்டிக்கொடுக்கும். இரவில், கேஸ் டேங்க் வால்வை மூடி, பெட்ரோலில் ஐட்லிங் விட்டு, பூச்செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் வயர்கள் மேல் மெல்லிய பனி போலத் தண்ணீர் தூவுங்கள். ஒழுகும் இடத்தில் நீல நூல் போலப் பொறி ஓடும். கையை வைக்காதீர்கள். கேஸ் வாடை கொஞ்சம் இருந்தாலும் இந்தச் சோதனை வேண்டாம்.

பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியென்றால் அதன் மூடியைக் கழற்றி உள்பக்கம் வெளிச்சத்தில் பாருங்கள். தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு இரண்டு முனைகளுக்கு நடுவே ஓடினால் அது கார்பன் பாதை. துடைத்தால் போகாது, மூடியை மாற்ற வேண்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மூடுபனியிலும் உள்ளே ஈரம் கோர்ப்பது சகஜம். காலையில் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு போதும். நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் பற்றும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2. அதில் 3, 4 ஆகிய இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து அடுத்தடுத்துப் பற்றுபவை; 2, 1 ஆகியவையும் அப்படியே. அந்த வயர்களை ஒன்றாக டேப் சுற்றிக் கட்டினால் ஒன்றின் பொறி மற்றொன்றுக்குத் தாவும். இரண்டு விரல் இடைவெளி விட்டு கிளிப் போடுங்கள்.

அடுத்தது வேப்பரைசர். கேஸ் இங்கே திரவத்திலிருந்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய சூடு, இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலண்டிலிருந்து வருகிறது. சமவெளியில் 'வண்டி ஹீட் ஆகுது' என்று, கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அந்த வண்டி மார்கழி விடியலில் ஊட்டியில் சூடேறவே நேரம் பிடிக்கும். வேப்பரைசர் குளிர்ந்தே கிடக்கும், ஆவி சரியாக வராது, கலவை ஒருமுறை இளகும் (கேஸ் குறையும்), ஒருமுறை கெட்டியாகும் (கேஸ் கூடும்). தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். கூலண்ட் குறைந்தாலோ, மாற்றிய பிறகு ஹோஸில் காற்று அடைத்தாலோ இதே கதிதான். ஓடும் வண்டியில் வேப்பரைசரின் மேல் வெள்ளைப் பனி படிந்தால் உடனே பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். 10,000–15,000 கி.மீ.க்கு ஒரு முறை, இன்ஜின் சூடாக இருக்கும்போது நிறுத்தி, கேஸை மூடி, அடியில் உள்ள டிரெயின் பிளக்கைத் திறந்தால் தார் போன்ற எண்ணெய் கொட்டும். அதை விட்டுவைத்தால் உள்ளிருக்கும் ரப்பர் சவ்வான டயாஃபிரம் விறைத்துப் போகும்.

'மேலே காற்று கம்மி, கேஸையும் குறை' என்று பவர் ஸ்க்ரூவைத் திருகுபவர்கள் உண்டு. அது கார்புரேட்டர் பெட்ரோலுக்கான கணக்கு. மிக்ஸரில் காற்றும் கேஸ் ஆவியும் சேர்ந்தே இளகுவதால் விகிதம் பெரிதாக மாறாது. மைலேஜ் ஆசையில் ஸ்க்ரூவை மூடினால் கலவை இளகும், மெதுவாக எரியும், டப்பா வெடிக்கும். புகையை அளக்கும் கேஸ் அனலைசர் இல்லாத இடத்தில்: இன்ஜின் நன்றாகச் சூடானதும் 3,000 ஆர்.பி.எம். வைத்து, ஸ்க்ரூவை வேகம் விழும் வரை மூடுங்கள், பிறகு மறுபக்கம் வேகம் விழும் வரை திறங்கள், நடுவில் வந்து கால் சுற்று திறந்த பக்கம் விடுங்கள். பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

ஓட்டும் விதத்தில் இரண்டு விஷயம். எப்போதும் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, கூலண்ட் 40 டிகிரியாவது தொட்ட பிறகு கேஸுக்கு மாற்றுங்கள். கார்புரேட்டர் வண்டியில் சுவிட்சை நடுவில் (பெட்ரோல், கேஸ் இரண்டும் நிற்கும் நிலை) வைத்து, கிண்ணத்துப் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தள்ளாடத் தொடங்கும்போது கேஸுக்குப் போடுவதுதான் முறை. இதைச் சமதளத்தில் செய்யுங்கள், கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளுக்கு நடுவில் வேண்டாம். இரண்டாவது, மலைக்காரர்களின் பழக்கமான இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வது. கேஸ் சுவிட்ச் போட்டபடி உருட்டினால் பற்றாத கலவை மேனிஃபோல்டை நிரப்பும், பிறகு ஒரே பொறியில் எல்லாம் போகும். உருட்டும் முன் பெட்ரோலுக்கு மாற்றுங்கள்.

பேக்ஃபயர் வால்வை, மிக்ஸருக்கும் ஏர் ஃபில்டருக்கும் நடுவில் உள்ள ஹோஸில் போடுங்கள். ஸ்பிரிங்கோடு கூடிய ஒரு மூடி. அழுத்தம் வந்தால் திறந்து வெளியே விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். விரலால் அழுத்திவிட்டால் 'டக்' என்று திரும்பி உட்கார வேண்டும். ரப்பர் வளையம் பிய்ந்து திறந்தே கிடந்தால் ஃபில்டர் ஆகாத காற்று உள்ளே போகும். இந்த வால்வுக்குப் பதில் ஃபில்டர் மூடியின் கிளிப்பைத் தளர்த்தி வைப்பது மோசமான யோசனை; தூசி போய் பிஸ்டன் ரிங் தேயும்.

டேப்பட்டை (வால்வு இடைவெளி) 10,000 கி.மீ.க்கு ஒருமுறை புத்தக அளவுக்குச் சரிசெய்யுங்கள். கேஸ் வறண்ட எரிபொருள், வால்வு சீட் உள்வாங்கி இடைவெளி குறுகும். இன்டேக் வால்வு முழுதாக மூடாமல் போனால் எந்த பிளக்கும் காப்பாற்றாது.

அடித்துவிட்டதா? சுவிட்சை அணைத்து, டேங்க் வால்வை மூடிவிட்டுப் பிறகு திறந்து பாருங்கள். ஃபில்டர் தாள் கருகியிருக்கிறதா, மூடியில் கீறலா, மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் குழாய், வேக்கம் குழாய்கள், வேப்பரைசரிலிருந்து மிக்ஸருக்கு வரும் தடித்த ஹோஸ் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பாருங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஆம்னியில் சீட்டைத் தூக்கிவைத்துக் கதவுகளைத் திறந்து காற்றாட விடுங்கள். வாடை முழுதாகப் போன பிறகு பெட்ரோலில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஐட்லிங் உயர்ந்து 'ஸ்ஸ்' என்று கேட்டால் எங்கோ காற்று புகுகிறது. அதை அடைக்காமல் கேஸுக்கு மாற்றினால் அடுத்த வளைவிலேயே மறுபடி அடிக்கும். டிரைவர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கிலோ டிரை பவுடர் தீயணைப்பான் மாட்டிவையுங்கள். டிக்கியில் சாமானுக்கு அடியில் கிடந்தால் எடுக்க நேரமிருக்காது.