செய்திப் படம் எங்கே கெடுகிறது: விளக்கு, மேடை, படக்குறிப்பு

கோலாலம்பூரில் பழைய விளக்குகள் உள்ள பூப்பந்து மண்டபங்களில் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்தால், ஒன்று பளிச்சென்றும் அடுத்தது மஞ்சளாக மங்கியும் வரும். பலர் கேமராவைக் குறை சொல்கிறார்கள், கோளாறு விளக்கில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்குகளின் வெளிச்சம் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/1000 வினாடி ஷட்டரில் ஒவ்வொரு படத்திலும் அந்த ஏற்ற இறக்கத்தின் பத்தில் ஒரு பங்குதான் விழுகிறது. கேமராவில் மினுக்கல் தடுப்பு வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். வெளிச்சம் உச்சிக்கு வரும் கணத்தில்தான் ஷட்டர் திறக்கும். தொடர் வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

இதற்குப் பயந்து ஷட்டரை 1/125க்கு இறக்குவது அடுத்த தவறு. ஸ்மேஷ் அடிக்கும் கை கலங்கிவிடும். அதிக வெளிச்சம் வாங்கும் எஃப் 2.8 லென்ஸ், 1/1000க்குக் குறையாத ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 முதல் 6400 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ கூடுவதால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் நாளிதழ் அச்சில் பெரிதாக உறுத்தாது. கலங்கிய கையைச் சரிசெய்ய வழியே இல்லை. சத்தமில்லா ஷட்டரும் எல்லாக் கேமராவிலும் ஒத்துவராது. சென்சார் மெதுவாக வரிவரியாகப் படித்தால் மட்டையின் தண்டு வளைந்து தெரியும், எல்இடி விளம்பரப் பலகையில் பட்டை விழும். ஆட்டம் நடக்கையில் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பரதநாட்டிய அரங்கேற்றம் எடுப்பவர்கள் மேடைக்கு ஒட்டி உட்கார்ந்து பாதத்தை வெட்டிவிடுகிறார்கள். அரைமண்டியும் (முழங்காலை மடித்துப் பாதி அமர்ந்த நிலை) பாதமும் இல்லாத படத்தில் நடனமே இல்லை. நான்கைந்து வரிசை தள்ளிப் போங்கள். பின்புறம் கறுப்புத் திரை இருந்தால் தானியங்கி அளவீடு ஏமாந்து முகத்தை வெளுக்க வைக்கும். ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, ரா கோப்பாக (கேமரா சுருக்காத மூலக் கோப்பு) எடுங்கள். தீர்மானத்தின் (ஆடலின் ஒரு பகுதியை முடித்துவைக்கும் தாளக் கோவை) கடைசி அடி விழும்போது ஆடுபவர் ஒரு கணம் நிற்பார். தாளத்துக்குச் சொல்லும் சொற்கட்டைக் காதில் வாங்கி, அந்த அடிக்கு இம்மியளவு முன்பே விரலை அழுத்த வேண்டும்.

தைப்பூசத்தன்று பத்துமலையில், குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் மூடியைத் திறக்காதீர்கள். வெப்பக் காற்றில் கண்ணாடி பூத்துப்போகும். பையை மூடியபடி இருபது நிமிடம் விடுங்கள்.

இதையெல்லாம்விட மனத்தைப் புண்படுத்துவது பெயர்ப் பிழை. மலேசியா என்ற ஒரே நாட்டில் தமிழர், மலாய்க்காரர், சீனர் என மூன்று பெயர் வழக்கம். பூப்பந்து வீராங்கனை தீனா முரளிதரனை இரண்டாம் முறை குறிப்பிடும்போது தீனா என்றே எழுத வேண்டும். முரளிதரன் தந்தை பெயர். அன்வார் இப்ராஹிமும் அப்படியே, அன்வார்தான். லீ சோங் வெய்யிலோ முன்னால் நிற்கும் லீ குடும்பப் பெயர். மாமன்னர், சுல்தான்கள் பிறந்தநாளில் பட்டங்கள் வழங்கப்படுவதால், பழைய படக்குறிப்பிலிருந்து டத்தோ போன்ற பட்டத்தை அப்படியே ஒட்டுவதும் ஆபத்து. குழுப் படமென்றால் இடமிருந்து வலமாகப் பெயர்களை அங்கேயே கேட்டு, அவரவர் கைப்பேசியில் எழுதிக் காட்டச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் திரும்பிய பிறகு நினைவை நம்பி எழுதினால் மூன்றாவது ஆளிலேயே தடுமாறும்.

மேசைக்கு வந்தபின் வெட்டலாம், வெளிச்சம் சீராக்கலாம். பேச்சாளரின் முகத்தை மறைக்கும் ஒலிவாங்கியையோ ஓரத்தில் நிற்கும் ஆளையோ அழிக்கக் கூடாது. உறுத்தினால் வேறு படத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய படம் போடுகிறீர்கள் என்றால் ‘கோப்புப் படம்’ என்று எழுதி, எடுத்த ஆண்டையும் பக்கத்தில் போடுங்கள்.