மரக்காது காளான்: காட்டிலும் வீட்டிலும் செய்யக்கூடாத தவறுகள்

ஹாட் அண்ட் சோர் சூப்பில் கறுப்பாக, வாயில் நறுக்நறுக்கென்று கடிபடுமே, அதுதான் மரக்காது காளான். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் நல்ல மழை பெய்து ஓய்ந்தபின் போனால், விழுந்து கிடக்கும் ஓக், மேப்பிள் கட்டைகளில் கொத்துக்கொத்தாகக் கிடைக்கும். காளான் தேடப் பழகுகிறவர்களுக்கு நல்ல தொடக்கம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் "காது மாதிரி இருந்தது, பறித்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பயமாகிவிடுகிறது.

ஏனென்றால் வடிவத்தை மட்டும் நம்புவதுதான் முதல் தவறு. பழுப்பு நிறக் கிண்ணக் காளான்களும் ஓரம் மடங்கினால் காது போலத்தான் தெரியும், அவற்றில் சில உளுத்த மரத்திலேயே வளரும், சரியாக வேகாமல் தின்றால் வயிற்றைப் புரட்டிவிடும். அதனால் கையில் எடுத்து மடித்துப் பாருங்கள். கிண்ணக் காளான் பட்டென்று உடைந்துவிடும். மரக்காது உங்கள் காதுமடல் போலவே வளைந்து கொடுக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒளி ஊடுருவும். வெளிப்புறம் பூனைமுடி போல மென்மையாக இருக்கும், உட்புறம் வழவழப்பாக, சில இடங்களில் நரம்பு ஓடியது போலச் சுருங்கியிருக்கும். குடைக்காளானின் அடியில் இருக்கிற தகடுகளோ துளைகளோ இதில் கிடையாது.

ஓக் கட்டையிலேயே புல்காரியா என்று இன்னொன்று வரும், தடித்த கறுப்புப் பொத்தான் போல. அதைத் தேய்த்தால் விரலில் கறுப்பு ஒட்டும், மரக்காதில் ஒட்டாது. சரியாகப் பக்குவம் செய்யாமல் புல்காரியாவைச் சாப்பிட்டவர்களுக்கு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வீங்கி எரிந்ததாகச் சீனாவில் பதிவாகியிருக்கிறது. வடிவமே இல்லாமல் ஜெல்லி போலக் கொழகொழவென்று இருப்பது வேறு இனம், அதை விட்டுவிடுங்கள்.

எந்த மரம் என்று பார்க்காமல் பறிப்பதும் தவறுதான். அகன்ற இலை மரங்களில் வளர்வது ஆரிகுலேரியா ஆஞ்சியோஸ்பெர்மாரம் என்ற மரக்காது இனம், 2015-இல்தான் அதற்குத் தனிப்பெயர் வந்தது. ஊசியிலை மரத்தில் இருப்பது அதன் உறவு, அமெரிக்கானா. மரம் தெரிந்தால் அடையாளம் இன்னும் உறுதியாகும்.

சரி, வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. காயவைத்த காளானைச் சமையல் மேடையில் ராத்திரி முழுக்க, சில வீடுகளில் இரண்டு நாள்கூட ஊறவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு வகை பாக்டீரியா பெருகினால் பாங்க்ரெகிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கும். அதற்கு வாசனை இல்லை, சுவை இல்லை, கொதிக்க வைத்தாலும் போகாது, கல்லீரலையே கெடுத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள், மீந்ததை மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதை அள்ளிச் சாப்பிட வேண்டாம். இந்தக் காளான், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கிறது என்று 1980-லேயே ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம், ஈரத்தோடு சூடான எண்ணெயில் போட்டால் பட்பட்டென்று வெடித்து முகத்தில் தெறிக்கும். துணியில் ஒற்றி, நறுக்கி, மூடியைக் கையில் வைத்துக்கொண்டே போடுங்கள்.