ஹைஸ்கூலில் சி.டி.இ.: பெற்றோர் செய்யும் தவறுகள்

எட்டாம் வகுப்பு முடியும் முன்பே அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அடுத்த வருடம் எந்தெந்தப் பாடம் என்று குறித்து, பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கையும் அறிவியலையும் அலசி ஆராய்வோம். கடைசியில் இருக்கும் சி.டி.இ. பகுதியை, அதாவது தொழில்சார் தொழில்நுட்பக் கல்வியை, படிக்காமலே தாண்டிவிடுவோம். நானும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். பத்தாம் வகுப்பில் என் பெண் ஹெல்த் சயன்ஸ் எடுக்க வேண்டும் என்றபோதுதான் ஒரு வருடம் போய்விட்டது தெரிந்தது.

படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கானது என்று ஒதுக்குவதுதான் முதல் தவறு. இந்த எண்ணத்துக்குப் பழைய காரணம் உண்டு. 1917-ல் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தின் மூலம் மத்திய அரசு பணம் தரத் தொடங்கியபோது விவசாயம், பட்டறைத் தொழில்கள், மனையியல் ஆகியவற்றுக்குத்தான் அது போனது. காலம் மாறி, இந்தக் கல்விக்கு இப்போது மத்திய அரசு பணம் தரும் பெர்கின்ஸ் சட்டத்தை 2006-ல் புதுப்பித்தபோது ‘வொகேஷனல்’ என்ற பெயரையே சி.டி.இ. என்று மாற்றினார்கள். இன்று பயோமெடிக்கல், சைபர் செக்யூரிட்டி, இன்ஜினியரிங் எல்லாம் இதற்குள் வருகின்றன. வெல்டிங்கும் இருக்கிறது, அதற்கும் கணக்கும் கூர்மையும் வேண்டும். காலையில் காலேஜ் தரத்திலான ஏ.பி. கால்குலஸ், மதியம் சி.டி.இ. லேப் என்று இரண்டையும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்தது, துண்டு துண்டாகப் பாடம் எடுப்பது. ஒரு வருடம் சமையல், மறு வருடம் கிராஃபிக் டிசைன், அப்புறம் கொஞ்சம் மார்க்கெட்டிங். ஆசைக்குச் சரி. ஆனால் சி.டி.இ. படிப்படியாக ஏறும் அமைப்பு. 2018-ல் மறுபடி புதுப்பித்த பெர்கின்ஸ் சட்டத்தின் கணக்குப்படி, ஒரே பிரிவில் குறைந்தது இரண்டு பாடங்களை முடித்தவர்தான் ‘கான்சென்ட்ரேட்டர்’, அதாவது அந்தப் பிரிவில் ஊன்றிப் படித்தவர். முதல் பாடம் முடிக்காமல் இரண்டாவதில் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி போன்ற நல்ல விஷயங்கள் கடைசிப் படியில்தான் இருக்கும். என் பெண்ணுக்கு அந்தக் கடைசிப் படிக்கு வருடம் போதவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான். ஒன்பதாம் வகுப்பிலேயே, பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி கவுன்சிலரிடம் நான்கு வருட வரிசையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறையப் பேர் ஏமாறுவது காலேஜ் கிரெடிட்டில், அதாவது ஹைஸ்கூலில் படித்ததையே காலேஜ் படிப்பின் கணக்கில் சேர்த்துக்கொள்வதில். இதில் இரண்டு வகை உண்டு. டூயல் என்ரோல்மென்ட் என்றால், பிள்ளை அப்போதே அந்தக் காலேஜின் மாணவர். அங்கே வாங்கும் கிரேடு காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பதிவில், ஏறிவிடும். பதினாறு வயதில் வாங்கிய ‘டி’ என்ற குறைந்த கிரேடும் பின்னாலேயே வரும். ஆர்ட்டிகுலேட்டட் கிரெடிட் வேறு. அது பள்ளியும் ஒரு காலேஜும் செய்துகொண்ட ஒப்பந்தம். பொதுவாக, பிள்ளை பிறகு அதே காலேஜில் சேர்ந்தால்தான் அந்தக் கிரெடிட் கைக்கு வரும். ‘கிரெடிட் கிடைக்கும்’ என்று யாராவது சொன்னால், எந்த வகை, எந்தக் காலேஜ், நாம் நினைக்கும் பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று மூன்றையும் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் இருந்தால், அந்தப் பாடம் யு.சி. என்ற கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு ஏற்கும் பாடங்களின் ‘ஏ-ஜி’ பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல சி.டி.இ. பாடங்கள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் இல்லை.

சான்றிதழ்களையும் ஒரே தராசில் போடக் கூடாது. நர்சிங் உதவியாளர் பயிற்சிக்கு மத்திய அரசு விதித்த குறைந்தபட்சம் 75 மணி நேரம், கலிஃபோர்னியா கேட்பது 160. அதற்குப் பிறகு தேர்வு, மாநிலப் பதிவேட்டில் பெயர். அதை வைத்து வேலைக்கே போகலாம். பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான ஓஷாவின் 10 மணி நேரப் பயிற்சி அட்டை அப்படியில்லை; அது பாதுகாப்பு பற்றிய அறிமுகப் பயிற்சி மட்டும்தான். அதைத் தொழில் தகுதி என்று ஓஷாவே சொல்வதில்லை. தேர்வுக் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பெண் பிள்ளைக்கு எலெக்ட்ரிக்கல் எதற்கு, பையனுக்கு நர்சிங் எதற்கு என்று நாமே கதவைச் சாத்துவதும் நடக்கிறது. ஒரு பாலினத்தவர் 25 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் வேலைகளுக்கு மாணவர்களைத் தயார்செய்ய பெர்கின்ஸ் சட்டம் தனியாகவே கவனம் கொடுக்கிறது. சட்டம் திறந்து வைத்ததை வீட்டில் மூட வேண்டாம். மருத்துவத் துறைப் பிள்ளைகளுக்கான ஹோசா, தொழில் திறன்களுக்கான ஸ்கில்ஸ் யு.எஸ்.ஏ. போன்ற மாணவர் அமைப்புகளையும் வெறும் கிளப் என்று விட்டுவிடாதீர்கள். போட்டிகளுக்குத் தயாராகும்போது பிள்ளைகள் நிறையக் கற்றுக்கொள்கிறார்கள்.

கடைசியாக, லேபை நேரில் பார்க்காமல் முடிவு எடுக்காதீர்கள். நாங்கள் போன அன்று என் பெண் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். பட்டையைச் சட்டைக் கையின் மேலேயே சுற்றினாள். ஆசிரியை அதைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே வெறும் தோலில் சுற்றச் சொன்னார். “இப்போ மறுபடி பாரு” என்றார். அவள் மறுபடி பார்த்தாள். எண் மாறியிருந்தது.