வக்கீலாக இருந்து அரசியலுக்கு வந்தவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

தேர்தல் மேடையை முதலில் ஓரமாக வையுங்கள். கோர்ட்டிலிருந்து தொடங்குங்கள். எந்த மாதிரி வழக்குகளை எடுத்தார், யாருக்காக வாதாடினார், யாரிடம் ஃபீஸ் வாங்கினார் என்று தேடினாலே, பின்னாளில் அவர் எப்படிப்பட்ட அரசியல்வாதி ஆனார் என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆபிரகாம் லிங்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டக் கல்லூரிப் பக்கமே போகாமல், தானே புத்தகங்களைப் படித்து 1836-ல் வக்கீல் உரிமம் வாங்கியவர். 1858-ல் ஒரு கொலை வழக்கில், நிலா வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பார்த்தேன் என்று சொன்ன சாட்சியிடம் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டி, அந்த நேரத்தில் நிலா மறையப் போகும் நிலையில் இருந்தது என்று நிரூபித்து, தான் யாருக்காக வாதாடினாரோ அவரை விடுவித்தார். இதை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் 1847-ம் ஆண்டின் மேட்சன் வழக்கையும் எழுதுங்கள். ஒரு கறுப்பினக் குடும்பத்தை மறுபடி அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போக முயன்ற முதலாளிக்காக லிங்கன் வாதாடினார், தோற்றார். இதை மறைத்துவிட்டு, அடிமைத்தனத்தை ஒழித்தவர் என்று மட்டும் எழுதினால் அது வாழ்க்கை வரலாறே இல்லை.

அப்புறம், வக்கீல் தொழிலை விட்டு அரசியலுக்கு வந்தார் என்று ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள். பல பேருக்கு இரண்டும் சேர்ந்தேதான் ஓடும். லிங்கன் உரிமம் வாங்கும் முன்பே, 1834-ல், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானவர். 1849-ல் காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி கோர்ட்டுக்கே திரும்பினார்.

தேதிகளுக்குத் தீர்ப்பு நகலையும் சட்டமன்றக் குறிப்புகளையும் நம்புங்கள். கட்சி போடும் புகழ்மாலைப் புத்தகத்தைக் கடைசியாகப் படித்தால் போதும்.