"சரி, நானே ஒருமுறை சொல்லிவிடுகிறேன்": தலைகீழ் வகுப்பறையைக் கெடுக்கும் தவறுகள்

போன மாதம் குறுவள மையக் கூட்டத்தில் (சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சிக் கூட்டம்) எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளம் ஆசிரியர் ஒருவர் தன் வகுப்பைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "வீட்டுக்கு வீடியோ அனுப்பிடுவேன் மேடம். பசங்க பாக்க மாட்டாங்க. அதனால காலையில ஸ்மார்ட் போர்டுல ஒரு தடவை ஓட்டிடுவேன்." சுற்றி இருந்த நாலு பேர் தலையாட்டினார்கள். நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். பள்ளிகள் கொரோனாவுக்குப் பிறகு திறந்த சமயத்தில் ஏறக்குறைய இதே காரியத்தை இதே சிரிப்போடு நானும் செய்திருக்கிறேன்.

தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பாடத்தைக் கேட்பது வீட்டில். கணக்குப் போடுவது, சோதனை செய்வது, சந்தேகம் கேட்டுச் சண்டை பிடிப்பது வகுப்பில். இப்படி மாற்றிப்போடுவதைத்தான் தலைகீழ் வகுப்பறை என்கிறார்கள். 2007-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், விளையாட்டுப் போட்டிக்காக வெளியூர் போய் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கதையைக் கேட்டதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. அவர்களுக்கு விளையாட்டுப் போட்டி என்றால் நமக்குப் பட்டுப்புழு. கூடு கட்டும் வாரத்தில் பாதி பெஞ்ச் காலி. தக்காளிக்கு விலை ஏறிவிட்டால் மீதியிலும் பாதி காலி.

வீடியோவில் சத்தம் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை, போனைப் படுக்கவைத்து எடுக்கவில்லை என்பதெல்லாம் இரண்டாவது வீடியோவிலேயே தானாகத் தெரிந்துவிடும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

கை தூக்கச் சொல்லிக் கணக்கெடுப்பது

"யார் வீட்டில ஸ்மார்ட்போன் இருக்கு?" என்று கேட்டேன். 36 பேரில் 33 பேர் கை தூக்கினார்கள். சந்தோஷமாக நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"ராத்திரி ஏழு மணிக்கு அந்தப் போன் யார் கையில் இருக்கும்?" என்று கேட்டிருக்க வேண்டும். ரொம்ப நாள் கழித்து அப்படிக் கேட்டபோது 14 பேர்தான் தேறினார்கள். மற்றவர்களின் போன் அப்பாவோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தது. அல்லது ஓசூர் கம்பெனியில் இரண்டாம் ஷிப்டில் இருந்தது. சனிக்கிழமை ராத்திரி வரும், திங்கள் விடியக்காலை பஸ்ஸில் திரும்பிப் போய்விடும். பாட்டியோடு இருக்கிற பிள்ளைகளுக்குப் பட்டன் போன்தான்.

அந்த 22 பேருக்கு ஒரு வழி வைக்காமல் முதல் வீடியோவை அனுப்பாதீர்கள். என் வழி ரொம்பச் சாதாரணமானது: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் 20 நிமிடம், வீடியோ பென்டிரைவில். அவ்வளவுதான். லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்காதவர்களுக்காக மறுபடி நடத்துவது

இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

பத்தாம் வகுப்பு ஒளியியல். குவிலென்சுக்குக் கதிர்ப்படம் வரைவது எப்படி என்று எட்டு நிமிட வீடியோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எடுத்தேன். பக்கத்து வீட்டுச் சேவல் கூவியதால் மூன்று தடவை திரும்பவும் எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கழித்து மெழுகுவர்த்தி, லென்ஸ், அளவுகோல் எல்லாம் ஆறு குழுவுக்குப் பிரித்து வைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தேன். "வீடியோ பாத்தவங்க யாரு?" 13 கை. மற்றவர்கள் பெஞ்சைச் சுரண்டினார்கள்.

பத்து வருடம் சாக்பீஸ் பிடித்த கை சும்மா இருக்குமா? "சரி, நானே ஒருமுறை சொல்லிவிடுகிறேன்" என்று கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். பத்து நிமிடம் என்று ஆரம்பித்தது மணி அடிக்கிறவரை போயிற்று. மெழுகுவர்த்தி பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த வீடியோவை 8 பேர் பார்த்தார்கள். அதற்கடுத்ததை 3 பேர். வீடியோதான் நன்றாக இல்லை என்று நினைத்து, பின்னணியில் இசை சேர்த்தேன், எழுத்தைப் பறக்கவிட்டேன். (இப்போது எடுத்துப் பார்த்தால் கல்யாண கேசட் மாதிரி இருக்கிறது.) பிள்ளைகளைத் திட்டினேன். பெற்றோருக்குப் போன் போட்டேன்.

அந்த 3 பேரில் ஒரு பெண் இருந்தாள். வீட்டில் போன் கிடையாது. பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் சித்தப்பா ராத்திரி ஒன்பது மணிக்கு வந்ததும் அவருடைய போனை வாங்கி, சிக்னலுக்காக மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று பார்ப்பாளாம். நாலாவது வீடியோவை அவளும் பார்க்காமல் வந்தாள். "நீயுமா?" என்றேன். முகத்தில் கோபம்கூட இல்லாமல் சொன்னாள்: "காலையில நீங்களே சொல்லிடறீங்க டீச்சர். நான் எதுக்கு சித்தப்பாகிட்ட பேச்சு வாங்கிட்டுப் பாக்கணும்?"

வீடியோ பார்க்காதே என்று அந்த வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். பார்த்துவிட்டு வந்தவளுக்குத் தண்டனை, அதே பாடத்தை இன்னொரு தடவை உட்கார்ந்து கேட்பது. பார்க்காமல் வந்தவனுக்கு டீச்சரே நேரில் நின்று நடத்தும் சலுகை. யாராக இருந்தாலும் எந்தப் பக்கம் சாய்வார்கள்? அந்த வருடம் ஒளியியல் முழுவதும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றாமலே முடிந்தது. என் ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று, வகுப்பு நேரமும் போயிற்று. பேசாமல் பழையபடி நடத்தியிருந்தால் வீடியோ எடுத்த நேரமாவது மிஞ்சியிருக்கும்.

ஸ்மார்ட் போர்டில் ஓட்டிவிடுவது இதைவிட மோசம். நான் மறுபடி நடத்தியபோது பிள்ளைகளின் முகத்தையாவது பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் அந்தத் தம்பி சொன்னதைக் கேட்டு எனக்கு வந்த எரிச்சல் அவர் மேல் பாதி, பழைய என் மேல் பாதி.

இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். வகுப்பு தொடங்கியதும் ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு. இரண்டே கேள்வி. "லென்சுக்கும் குவியத்துக்கும் நடுவில் பொருளை வைத்தால் பிம்பம் எப்படி இருக்கும்?" என்பது போல வீடியோ பார்த்தவர்களுக்குச் சட்டென்று வரக்கூடியது. ஐந்து நிமிடம். எழுதத் தெரிந்தவர்கள் மெழுகுவர்த்தி மேசைக்குப் போகலாம். தெரியாதவர்கள் கடைசி பெஞ்சில் இருக்கும் பழைய லேப்டாப்பில் அந்த எட்டு நிமிடத்தைப் பார்த்து, குறிப்பெடுத்து, சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்துகொள்ளலாம். திட்டு கிடையாது, நீண்ட பேச்சும் கிடையாது. கரும்பலகைப் பக்கம் நான் போவதே இல்லை.

முதல் வாரம் 20 பேர் பின்னால்தான் இருந்தார்கள். முன்னால் ஒரு குழு லென்சைச் சன்னலுக்கு நேரே பிடித்து, வெளியே நிற்கும் வேப்பமரத்தைக் காகிதத்தில் தலைகீழாக விழவைத்துக் கத்திக்கொண்டிருந்தது. லேப்டாப்பில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பியது. என் திட்டு செய்யாததை அந்த வேப்பமரம் செய்தது. ஒரு மாதத்தில் பின்னால் உட்காருகிறவர்கள் ஐந்தாறு பேராகக் குறைந்தார்கள். அந்த ஐந்தாறு இன்றுவரை குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. முன்னால் நடப்பது உண்மையிலேயே பிள்ளைகள் இழக்க விரும்பாத வேலையாக இருக்க வேண்டும். கைடைப் பார்த்துக் காப்பி அடிக்கிற வேலை என்றால் கடைசி பெஞ்சே சுகம் என்று அங்கேயே இருந்துவிடுவார்கள். அப்புறம், போன் இல்லாததால் பார்க்க முடியாதவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு மதியம் லேபைத் திறந்துவிட்ட பிறகுதான் இந்தத் துண்டுச்சீட்டு நியாயம்.

வீடியோ இல்லாவிட்டால் முடியாது என்று நினைப்பது

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களிலேயே இதைச் செய்தவர். மாணவர்களை அவர் படித்துவிட்டு வரச் சொன்னது புத்தகத்தை. நம் பாடநூலில் இரண்டு பக்கமும் ஒரு நல்ல கேள்வியும் கொடுத்தால் அதுவே போதும் என்ற பாடங்கள் நிறைய. வீடியோ கட்டாயம் வேண்டும் என்றாலும் எல்லாவற்றையும் நீங்களே எடுக்க வேண்டியதில்லை. பாடநூலில் கியூஆர் குறியீடு இருக்கிறது. 2023-இல் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்ட மணற்கேணி செயலி இருக்கிறது. நான் எடுப்பது எங்கள் பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்களுக்கு மட்டும். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. 'முதன்மை அச்சு', 'உருப்பெருக்கம்' என்று வரும்போது நிறுத்தி, அவர்கள் முகம் தெரிந்தது போலப் பேச வெளியூர் வீடியோவால் முடியாது.

நீளம்

எட்எக்ஸ் இணையப் பாடங்களை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் தடவைகளை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் ஈடுபாட்டோடு பார்ப்பது பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்குள்தான். எட்டு நிமிடமே அதிகம்.

கஹூட் வைத்துத் தேர்வு நடத்துவது

கஹூட் என்பது போனில் விடையைத் தொட்டு ஆடும் வினாடி வினாச் செயலி. அதில் வேகமாகத் தொட்டவருக்கு மதிப்பெண் அதிகம். எங்கள் பள்ளியில் வேகம் என்பது சிக்னலைப் பொறுத்தது. சன்னல் ஓரம் உட்கார்ந்தவன் ஜெயிப்பான். விளையாட்டுக்குச் சரி, யாருக்குப் புரிந்தது என்று பார்க்க உதவாது.

நான் பிளிக்கர்ஸ் என்ற செயலிக்கு மாறிவிட்டேன். பிள்ளைகளுக்குப் போனே வேண்டாம். ஆளுக்கு ஓர் அட்டை. எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுதான் விடை. என் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே நகர்த்தினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். அட்டையைப் பளபளவென்று லேமினேட் செய்துவிடாதீர்கள். வெளிச்சம் பட்டுக் கேமரா படிக்காது. நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது.

விடை வந்த பிறகு என்ன செய்வது என்பதற்கும் மசூரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. 100-க்கு 30 முதல் 70 பேர்வரை சரியாகச் சொல்லியிருந்தால் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு மறுபடி அட்டையைத் தூக்கட்டும். 30-க்குக் கீழே போனால் மட்டும் நீங்கள் விளக்குங்கள்.

ஒரே வருடத்தில் ஐந்து செயலி

கடவுச்சொல் கேட்டே பாடவேளை முடிந்துவிடும். வருடத்துக்கு ஒன்று.

இணையத்தை நம்பிப் பாடக்குறிப்பு எழுதுவது

மின்னோட்டவியலுக்கு ஃபெட் சிமுலேஷன் (திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்) மாதிரி ஒன்று கிடையாது. (அதுவும் கொலராடோதான்; அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கார்ல் வைமன் 2002-இல் தொடங்கியது.) முந்தின நாள் வீட்டிலேயே தரவிறக்கிக்கொண்டு வந்தால் இணையம் இல்லாமல் ஓடும்.

வாட்ஸ்அப் குழுவில் மாணவிகளின் எண்

கூடாது. ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் போதும். பெற்றோர் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி போகும், அதைச் சொல்லிவிடுங்கள்.

சத்தத்துக்குப் பயப்படுவது

இப்படி நடக்கும் வகுப்பு வெளியிலிருந்து பார்த்தால் சந்தை மாதிரிதான் இருக்கும். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்; முடிந்தால் ஒருநாள் கூப்பிட்டு ஒரு குழுவோடு உட்காரவையுங்கள். நான் சொல்லி வைக்காத ஒரு நாளில், பார்வைக்கு வந்த அதிகாரி வராந்தாவில் வருவது தெரிந்தது. அவ்வளவுதான், எல்லோரையும் இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டுச் சாக்பீஸை எடுத்துவிட்டேன். ஒரு பையன் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நடுவில் நின்றான். "டீச்சர், மெழுகுவர்த்திய அணைச்சிடவா?" என்றான். அணைக்கச் சொன்னேன்.