பரணில் கிடைத்த பழைய காசை அடையாளம் காண்பது எப்படி?

தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியில் நாலு செப்புக் காசு கிடைத்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு போகும்?" அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். "இந்தக் காசு இருந்தா நீங்க லட்சாதிபதி" என்று யூடியூபில் கூவுகிறவர்களை நம்பவே வேண்டாம். யார் அடித்தது, எப்போது அடித்தது என்று தெரியாத காசுக்கு விலையே பேச முடியாது. தமிழ்நாட்டு வீடுகளில் கிடைக்கக்கூடிய வகைகளை வைத்து, அதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

படி 1: புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பச்சையும் கறுப்புமாகப் படிந்த மேல்படலத்தோடு எழுத்தும் போய்விடும். புளி, எலுமிச்சை, பிரஷ் எதுவும் கூடாது. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் தொடவே மாட்டார்கள்.

படி 2: எடை போடுங்கள்

0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு போதும். 1835 முதல் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம், தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம். வராகன் என்ற தங்கக் காசு சுமார் 3.4 கிராம். 'பணம்' என்றே பெயர் கொண்ட சின்னத் தங்கக் காசு அரை கிராம்கூட வராது, சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. காந்தத்தையும் ஒருமுறை காட்டுங்கள். தங்கம், வெள்ளி, செம்பு ஒட்டாது.

இத்தனை சின்னக் காசை எப்படி எண்ணியிருப்பார்கள்? திருவிதாங்கூரில் சக்கரம் என்ற சின்ன வெள்ளிக் காசை எண்ணப் பலகையே வைத்திருந்தார்கள். வரிசை வரிசையாகக் குழி, குழிக்கு ஒரு சக்கரம். ஒரு பிடி கொட்டிப் பலகையை ஆட்டினால் குழிகள் நிரம்பும், மிச்சத்தை வழித்துத் தள்ளினால் கணக்கு முடிந்தது. அப்போது திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரி மாவட்டப் பக்கத்து வீட்டுப் பெட்டி என்றால் சக்கரமும் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: எழுத்தைப் படியுங்கள்

நேரம் பிடிக்கும் வேலை இதுதான். செல்போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தேய்ந்த கோடுகூட நிழல் விழுந்து எழும்பித் தெரியும்.

ஒரு பக்கம் அல்லிமலர் போன்ற பிரெஞ்சுச் சின்னமும் மறுபக்கம் தமிழும் இருந்தால் அது புதுச்சேரிக் காசு. ஊர்ப்பெயரை இன்றைய எழுத்தில் தேடினால் கிடைக்காது. புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. ஆகவே 'ச்சே' என்பது 'சசெ' என்றே தெரியும். கிரீடமும் அரசர் பெயரெழுத்தும் இருந்தால் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களை நினையுங்கள். அமர்ந்த அம்மனும் பின்னால் தெலுங்கில் 'விஜய' என்பதும் இருந்தால் புதுக்கோட்டை அம்மன் காசு, அம்மன் பிரகதாம்பாள்தான். நிற்கும் உருவம் ஒரு பக்கம், அமர்ந்த உருவம் மறுபக்கம், கூடவே நாகரியில் 'ஸ்ரீராஜராஜ' என்றால் ஆயிரம் வருடத்துச் சோழர் காசு.

பாரசீக எழுத்தும், ரோமன் எண்ணில் இருபதும், 1803 அல்லது 1808 என்ற ஆண்டும் இருந்தால் கம்பெனியின் '20 காசு' நாணயம். சென்னைக்காக பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் அடித்தது. 1808 காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கியது. 1980களில் அதிலிருந்து ஏராளமான காசுகளை எடுத்தார்கள். அதனால் இந்த வகை அபூர்வம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கம், மறுபக்கம் ஆங்கிலத்தில் கம்பெனி பெயர், 'யுகேஎல் ஒன் அணா', 1818 என்று இருந்தால் மேலே பார்க்கவே வேண்டாம். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. ஏமாறுகிறவர்களுக்கென்றே செய்த வில்லை அது.

படி 4: அந்தக் காலக் கணக்கில் வையுங்கள்

சென்னைக் கணக்கு இது: 80 காசு 1 பணம், 42 பணம் 1 வராகன். அந்த '20 காசு' நாணயம் நாலு சேர்ந்தால் 1 பணம், 168 சேர்ந்தால்தான் 1 வராகன். 1818இல் கம்பெனி ரூபாய்க்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வைத்தார்கள். 1835இல் எல்லா மாகாணத்துக்கும் ஒரே ரூபாய் வந்தது.

பழைய தங்கப் பணம் கையில் இருந்தால் "கோலார் தங்கம்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அங்கே ஊர்க்காரர்கள் மண்ணை அலசிப் பொன் எடுத்ததை பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜான் வாரன் 1804 வாக்கிலேயே பார்த்து எழுதியது உண்மைதான். ஆனால் ஜான் டெய்லர் நிறுவனத்தின் ஆழச் சுரங்கங்கள் 1880களில்தான் வேலையைத் தொடங்கின. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் இறங்கி வெட்டிய அந்தத் தங்கம் கட்டியாக லண்டனுக்குக் கப்பலேறியது. வராகனும் பணமும் வழக்கொழிந்து அதற்குள் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

படி 5: தாள் என்றால்

முதலில் திருப்பிப் பாருங்கள். ஆரம்ப கால அரசு நோட்டுகளில் அச்சு ஒரு பக்கம்தான். 1843இல் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸ் போன்ற மாகாண வங்கிகளிடமிருந்து நோட்டு வெளியிடும் உரிமையை 1861ஆம் ஆண்டுச் சட்டம் பிடுங்கி அரசிடம் கொடுத்தது. அடுத்து, ஊர்ப்பெயரைத் தேடுங்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை என்று வட்டம் பிரித்திருந்தார்கள். ஒரு வட்டத்து நோட்டுக்கு இன்னொரு வட்டத்தில் சட்டப்படி காசு கேட்க முடியாது. 5 ரூபாய் நோட்டுக்கு 1903இலும், 100 ரூபாய்க்கு 1911இலும்தான் அந்த வேலி நீங்கியது.

பாதி நோட்டு கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். தபாலில் பணம் அனுப்பியவர்கள் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதி போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகே மறு பாதியை அனுப்புவார்கள். இரண்டிலும் எண் இருக்கும், சேர்த்து ஒட்டினால் அந்தக் காலத்தில் செல்லும்.

படி 6: இனி விலை கேட்கலாம்

எடை, விட்டம், இரண்டு பக்கப் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு நாணயவியல் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். ஒரே வியாபாரியிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள நாணயங்களோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். காசு பெட்டியில் இல்லாமல் கிணறு தோண்டும்போதோ அஸ்திவாரத்திலோ புதையலாகக் கிடைத்தது என்றால் விலை பேசுவதற்கு முன் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, அதில் போட்டிருக்கும் மதிப்பு வரம்பு வெறும் 10 ரூபாய், அதற்கு மேல் போனால் தெரிவிக்க வேண்டும்.