பசியில்லாத மீனுக்குத் தூண்டில்: சால்மன் ஃப்ளை ஃபிஷிங்கில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

ஏற்கெனவே தூண்டில் போட்டுப் பழகியவர்தான் சால்மன் ஆற்றில் அதிகம் தடுமாறுவார். மற்ற மீன்களிடம் கைகொடுத்த பழக்கங்கள் இங்கே காலை வாரிவிடும். அட்லாண்டிக் சால்மன் கடலில் தின்று கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பிய பிறகு இரை எடுப்பதில்லை. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பிலேயே மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறது. அப்புறம் ஏன் கொக்கியில் இறகும் ரோமமும் கட்டிய செயற்கை இரையான ஃப்ளையைக் கவ்வுகிறது? கோபம், கடலில் வேட்டையாடிய ஞாபகம், சும்மா ஒரு ஆர்வம் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். எதை நம்பினாலும் சரி, பசிக்காத மீனைத் தேடிப் போகிறோம் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

பசித்த மீன் என்றால் ஓரிடத்தில் காத்திருக்கலாம், தேடி வரும். சால்மன் வராது. நூறு மீன்கள் கிடந்தாலும் அந்த நேரத்தில் கவ்வும் மனநிலையில் ஒன்றிரண்டுதான் இருக்கும். அதை நாம்தான் தேடிப் போக வேண்டும். ஆற்றின் குறுக்கே சாய்வாக ஒரு வீச்சு, ஃப்ளை வில்போல் வளைந்து நம் கரைப்பக்கம் வந்து சேரும்வரை பொறுமை, பிறகு நீரோட்டத்தின் திசையில் இரண்டு அடி நகர்ந்து அடுத்த வீச்சு. இவ்வளவுதான் முறை. புதியவர்களோ நல்ல மடு கண்ணில் பட்டதும் அங்கேயே வேரூன்றி விடுகிறார்கள். பின்னால் வருபவரின் வழியை அடைப்பதும் இதனால்தான். ஆற்றங்கரையில் இது பெரிய மரியாதைக் குறைவு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து ஃப்ளை மாற்றுவதும் இதே வகைதான். ஃப்ளையின் வகை கேஸ்கேடா, ஸ்டோட்ஸ் டெயிலா என்பதைவிட, அது எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் போகிறது என்பதே முக்கியம். தண்ணீர் குளிர்ந்திருந்தால் மூழ்கும் லைனும் பெரிய ஃப்ளையும், வெதுவெதுப்பானால் மிதக்கும் லைனும் சிறிய ஃப்ளையும் என்ற கணக்கு ஆரம்பத்துக்குப் போதும்.

அடுத்தது தூர மோகம். வந்தவுடன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எதிர்க்கரையைக் குறிவைத்து வீசுகிறார்கள். ஆறு கொஞ்சம் உயர்ந்திருக்கும் நாட்களில் சால்மன் கரையை ஒட்டியே மேலேறும். அந்த மீன்களை மிதித்து விரட்டிவிட்டு நடு ஆற்றில் தேடினால் என்ன கிடைக்கும்? முதலில் கரையில் நின்றே குட்டையான லைனில் வீசிப் பாருங்கள். நேராக விழும் இருபது மீட்டர் வீச்சு, சுருண்டு விழும் முப்பது மீட்டர் வீச்சைவிட மேல். வேகமான ஓட்டத்தில் லைனின் நடுப்பகுதி தொப்பைபோல் வளைந்து ஃப்ளையை இழுத்துக்கொண்டு ஓடும்; லைன் விழுந்ததும் கோலைத் தூக்கி அந்த வளைவை நீரோட்டம் வரும் பக்கம் திருப்பிப் போட்டால் ஃப்ளை நிதானமாகும். இதை ‘மெண்ட்’ செய்வது என்பார்கள்.

எல்லாவற்றிலும் மனம் நொந்து போக வைப்பது மீன் தொட்ட கணத்தில் நடக்கும் தவறுதான். ட்ரவுட் மீன் பிடித்தவருக்குக் கை தானாகக் கோலைத் தூக்கும். சால்மன் கிடக்குமிடத்திலிருந்து எழும்பி வந்து, ஃப்ளையை வாயில் வாங்கி, திரும்பித் தன் இடத்துக்கே போகப் பார்க்கும். அது திரும்பும்போதுதான் லைன் இறுகி, கொக்கி வாயின் ஓரத்து மூட்டில் போய்ப் பதியும். அதற்கு முன் கோலை வெடுக்கென்று தூக்கினால் திறந்த வாயின் முன்பக்கமாக ஃப்ளை வெளியே வந்துவிடும். முதலில் விரலில் ஒரு சின்னத் தட்டல் மட்டுமே தெரியலாம். ஒன்றும் செய்யாதீர்கள். ஒரு முழம் லைனைத் தளர்வான வளையமாக விரலிடுக்கில் வைத்திருந்து, மீன் அதை இழுத்துக்கொள்ள விடுவார்கள் சிலர். ரீலின் பிடியை லேசாக வைத்து, அதுவே சுழலட்டும் என்று விடுவார்கள் சிலர். இரண்டும் சரிதான். எடை கனமாகத் தெரிந்த பிறகு கோலை நிதானமாக உயர்த்துங்கள். சொல்வது சுலபம், இதயம் அடித்துக்கொள்ளும்போது செய்வதுதான் கடினம்.

காற்றை மதிக்காதவர் காதில் கொக்கி வாங்குவார். இரு கைக் கோலால் ஸ்பே வீச்சு (லைனை முதுகுக்குப் பின்னால் நீட்டாமல் வீசும் முறை) செய்யும்போது லைன் ஒரு தோளுக்குப் பக்கத்தில் வளையமாகத் திரளும். காற்று அந்த வளையத்தை உங்கள்மேல் தள்ளக் கூடாது. காற்று நீரோட்டத்தின் திசையில் அடித்தால், நீரோட்டம் போகும் பக்கத்தில் வளையம் திரளும் டபுள் ஸ்பே வீச்சு; நீரோட்டத்தை எதிர்த்து அடித்தால், நீரோட்டம் வரும் பக்கத்தில் வளையம் திரளும் சிங்கிள் ஸ்பே வீச்சு. கண்ணாடியும் தொப்பியும் எந்நாளும் கட்டாயம்.

வேடர்ஸ் (தண்ணீரில் இறங்கப் போடும் நீர்புகா உடை) போட்டுவிட்டால் ஆறு வசப்பட்டது என்று நினைப்பது இதைவிட ஆபத்து. இடுப்புப் பட்டை, ஊன்றுகோல், மிதவை ஜாக்கெட் மூன்றும் வேண்டும். சரளை மேட்டில் ஓட்டத்தோடு இறங்கிப் போவது எளிது. திரும்பி எதிர்த்து ஏறும்போதுதான் காலடிக் கல் உருளும். ஆறு உயர்கிறதா என்று கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மீன் பிடிக்கவும் அந்தக் கல் உதவும்: வெள்ளம் ஏறும்போது பெரும்பாலும் சுணக்கம், வடிந்து தெளியத் தொடங்கும்போது நல்ல நேரம்.

கருவி விஷயத்தில் நான் பார்க்கும் பொதுவான கோளாறு, விலையுயர்ந்த கோலும் அதற்குப் பொருந்தாத லைனும். கோலை வளைப்பது லைனின் எடை. அது பொருந்தாவிட்டால் எந்தக் கோலும் விறகுதான். டே, ஸ்பே, ட்வீட் போன்ற அகன்ற ஸ்காட்லாந்து ஆறுகளுக்கு 13 முதல் 15 அடி இரு கைக் கோல் பொருத்தம். சிற்றாறுகளுக்கு 10 அடி ஒற்றைக் கைக் கோலே தாராளம். பயிற்சியாளரிடம் ஒரு நாள் இரவல் கோலில் கற்றுவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.

பிடித்த மீனை வெளியே தூக்கி நீண்ட நேரம் படமெடுக்காதீர்கள். முள்தடையில்லாத கொக்கி, முடிச்சில்லாத வலை, மீன் தண்ணீரிலேயே. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அன்று தூண்டிலை மடக்குவதே முறை. வசந்தத்தில் இன்னொரு குழப்பம் வரும்: முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும் மெலிந்த மீனும் வெள்ளியாகப் பளபளக்கும். ஒடிசலான உடம்பு, தேய்ந்த துடுப்பு, செவுளில் ஒட்டுண்ணி இருந்தால் அது புதிதாக ஏறி வந்த மீன் அல்ல, விட்டுவிட வேண்டும்.

ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்கள் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இங்கிலாந்தைப்போல் அரசு உரிமச் சீட்டு கிடையாது, ஆனால் மீன்பிடி உரிமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். 2015 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, ஏப்ரல் 1-க்கு முன் பிடிபடும் சால்மனைத் திரும்ப விட வேண்டும். அதற்குப் பிறகும் பல ஆறுகளில் இதே கட்டாயம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கத் தடை. ஆகவே வார இறுதிக்குப் பயணம் போடுகிறவர்கள் சனிக்கிழமையை மட்டும் கணக்கில் வைத்து அனுமதி வாங்குங்கள்.